சூட்டுப்பால்

மாத்தளை
22.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? உங்கள் பக்கம் பனி கொட்டுகிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். தலைக்குத் துணி கட்டாமல் மலைக்குப் போகாதே.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் டவர் கிடையாது, மலை உச்சிக்கு ஏறினால்தான் உன் குரல் வரும். இங்கே கடைக்குப் பின்னால்தான் வீடு, நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். நான் ஹலோ சொன்னால் கடையில் சீனி வாங்க நிற்கிறவருக்கும் கேட்கும். மாமி கெட்டவர் இல்லை. ஆனால் நான் போனை வைத்ததும் "என்னவாம் அங்க?" என்று கேட்பார். அந்த 'அங்க'வுக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஒரு சின்ன உதவி. தபால்காரர் கடிதத்தைக் கடையில் ஆட்கள் நிற்கும்போதுதான் நீட்டுவார். அதனால் உறைக்குப் பின்னால் தோட்டத்தின் பெயரை எழுதாதே. இரத்தோட்டை என்று மட்டும் போடு. தப்பாக நினைக்காதே, அக்கா.

நாத்தனார் தர்ஷிகாவுக்குக் கலேவெலயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் ரெஜிஸ்டர் பண்ணும் கல்யாண எழுத்து, ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், எங்கள் அப்பா இரத்தோட்டையில் கிளார்க்காக இருந்தவர் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் மாமி. அப்பா உயிரோடு இருந்தால் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாப்பாவுக்கு முத்தம்.

உன் தங்கச்சி
பிரதீபா


இரத்தோட்டை
02.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடுப்பு வலி இருக்கிறது, ஆனால் வேலைக்கு வராமல் இருக்கும் அளவுக்கு இல்லை. பாப்பா சளியை விட்டுவிட்டாள், இப்போது என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உன் அத்தான் கொழும்பில் சுகம். தீபாவளிக்குத்தான் வருவாராம்.

நீ சொன்ன மாதிரியே இரத்தோட்டை என்று மட்டும் போட்டிருக்கிறேன். அங்கே எனக்கு எப்போது வீடு கட்டினாய் என்றுதான் தெரியவில்லை. கட்டுவதுதான் கட்டுகிறாய், மாடி வைத்துக் கட்டு. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய மனுசனை ஒரே நாளில் கிளார்க் ஆக்கியும் விட்டீர்கள். தொழிற்சங்கத்தால்கூட முடியாத வேலை அது.

குட்டி எப்படி இருக்கிறான்? அக்ஷயன் என்பது என் வாயில் நுழையவில்லை, நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். பாப்பா இன்னும் உன்னைத் தேடுகிறாள். பிரசவத்துக்கு வந்து நீ இங்கே இருந்த காலமெல்லாம், நான் கொழுந்து எடுக்கப் போனால் பிள்ளைக் காம்பராவில் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே. தேத்தண்ணி நேரத்துக்கு நாங்கள் வேர்த்து வடிய வந்து வரிசையாகக் குந்தியதும் ஆயாம்மா கத்துவாரே, "சூட்டுப்பால பீச்சி விட்டுட்டு குடுங்கடி" என்று. வெயிலில் நின்ற உடம்பின் முதல் பால் பிள்ளைக்கு ஆகாது. நீயும் டவுனில் வெயிலில் நடந்து வந்தால் அதை மறந்துவிடாதே.

கல்யாணத் திகதியைச் சொல். லீவுக்குக் கங்காணியிடம் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும்.

அக்கா
இராஜகுமாரி


மாத்தளை
26.02.2024

அன்புள்ள அக்கா,

நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

நேற்று எழுத்து நடந்தது. கோயிலிலிருந்து ஹோலுக்கு வெயிலில் நடந்தே போனோம். போய் உட்காரும் முன்பே பிள்ளை வீரிட்டான். எனக்கும் பால் கட்டி, பட்டுச் சேலை நனையத் தொடங்கிவிட்டது. வரிசை ஓரத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு பூச்சாடி. நான் யோசிக்கவே இல்லை, அக்கா. ஜாக்கெட்டைத் தளர்த்தி அந்தச் சாடிக்குள் நாலு தரம் பீச்சி விட்டுவிட்டுத்தான் பிள்ளையைப் போட்டுக்கொண்டேன். முந்தானையால் மூடினேன், ஆனால் மூடியது அதற்குப் பிறகுதான். நிமிர்ந்தால் மாப்பிள்ளையின் பெரியம்மா என்னையும் சாடியையும் மாறி மாறிப் பார்க்கிறார். வீடியோ எடுக்கிறவர் கமராவை வேறு பக்கம் திருப்பிவிட்டார். மற்றவர்கள் பார்த்ததைவிட அவர் திருப்பியதுதான் எனக்குக் கூசியது.

மாமி வந்து என் தோளில் ஒரு துவாயைப் போட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனார். சட்டி பானை கழுவுகிற இடத்தில், ஒரு கவிழ்த்த கிடாரத்தின் மேல் உட்கார்ந்து மீதியைக் கொடுத்தேன். பந்தி முடியும்வரை அங்கேயே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானும் முன்பக்கம் போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாமி சொன்னார்: "பால் குடுத்தது பரவால்ல, எல்லாரும்தான் குடுக்கிறாங்க. சூட்டுப்பால பீச்சி விட்டியே, அதுதான் நீ கொழுந்து மலைக்காரினு ஊருக்கே சொல்லிக்குடுத்திருச்சு." என் வீட்டுக்காரர் துஷ்யந்தன் கடைக் கதவைப் பூட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

குளிக்கும்போதுகூட என் உடம்பைக் குனிந்து பார்க்க வெட்கமாக இருக்கிறது. பிள்ளை அழுதால் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன்.

பிரதீபா


இரத்தோட்டை
05.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் வயிறு எரிகிறது. பிள்ளைக்குப் பசித்தது, நீ கொடுத்தாய். இதில் யாருடைய சொத்து போய்விட்டது? அந்தப் பூச்சாடிக்கு வேண்டுமானால் ஒரு மன்னிப்புக் கேள்.

சாப்பிடாமல் இருந்தாயா அன்றைக்கு? அதை நீ எழுதவில்லை. பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது என்று உன்னைப் பின்னால் கூட்டிப்போனவருக்குத் தெரியாதா?

இன்னொன்று. உன் மாமி மூன்று தலைமுறையாக டவுன்காரி என்று நீதானே சொன்னாய்? டவுன் ஆட்கள் பார்த்திருந்தால் பால் சிந்திவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். 'சூட்டுப்பால்' என்று உன் மாமிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கேட்டுப் பார். கேட்க மாட்டாய், தெரியும். எனக்கு மட்டும் எழுது.

கல்யாணத்துக்குச் சேலை எடுத்துவிட்டேன். மாம்பழ மஞ்சள். பாப்பாவுக்கு வசதியாக ஜாக்கெட்டுக்கு முன்பக்கம் ஹூக் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பயப்படாதே, உன் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முன்னால் ஒழுங்காக மூடிக்கொண்டுதான் கொடுப்பேன். திகதியைச் சொல்.

அக்கா
இராஜகுமாரி


மாத்தளை
02.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் அதிகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கல்யாண வேலை.

மாமி பால்மா டின் வாங்கி வந்திருக்கிறார். வெளியே போகும்போது மட்டும் போத்தல். பிள்ளை பழகிக்கொண்டு வருகிறான். எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது.

கல்யாணம் சின்னதாகத்தான் செய்கிறார்கள். நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
பிரதீபா


இரத்தோட்டை
06.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நானும் பாப்பாவும் சுகம். நான் எப்போதிருந்து உனக்கு 'நீங்கள்' ஆனேன்? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வங்கியிலிருந்து வந்ததோ என்று.

போன சனிக்கிழமை பாப்பாவின் காதுக்கு மருந்து வாங்க மாத்தளைக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. நீ கூப்பிடாமல் வரக் கூடாது என்று எனக்கே ஒரு நினைப்பு. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பாப்பா பசியில் கத்தினாள். நல்ல வெயில். பெஞ்சில் உட்கார்ந்து, சூட்டுப்பாலைக் கீழே பீச்சி விட்டுவிட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு ஐயா, "இங்கன வச்சா குடுக்கிறது?" என்றார். "வேற எங்கனனு சொல்லுங்க, அங்க போறேன்" என்றேன். எழும்பிப் போய்விட்டார். எனக்குக் காலை நீட்ட இடம் கிடைத்தது. ஒரு சிங்கள அம்மா தன் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லா விதமும் இருக்கிறார்கள்.

அப்போது எதிர்ப்பக்கம் உன்னை மாதிரியே ஒருத்தி போனாள். கிளிப்பச்சைச் சேலை. உன் வளைகாப்புக்கு நான் எடுத்துத் தந்தேனே, அந்த நிறம். பக்கத்தில் வயதான ஓர் அம்மா. பிள்ளை போத்தலைத் தட்டிவிட்டு அழுதுகொண்டே போனான். நான் கையைக்கூடத் தூக்கினேன். அவள் என் பக்கம் பார்த்தாள், பிறகு ரோட்டைப் பார்த்தாள், போய்விட்டாள்.

நீயாக இருக்காது. நீயாக இருந்தால் நின்றிருப்பாய்.

குட்டிக்கு என் அன்பு.

அக்கா
இராஜகுமாரி


மாத்தளை
20.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். பாப்பாவுக்குக் காது சுகமாகிவிட்டதா?

நீங்கள் சொன்ன சனிக்கிழமை நாங்கள் ஒருவரும் டவுனில் இல்லை. கல்யாண விஷயமாகக் கலேவெலக்குப் போயிருந்தோம். அந்தப் பச்சை நிறம் இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது.

பிள்ளைக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை. எனக்குப் பால் குறைந்துகொண்டு வருகிறது. போத்தல் கொடுத்தால் அப்படித்தானாம். உனக்கு இன்னும் இருக்கிறதா?

பிரதீபா


கிளென்ரோஸ் தோட்டம்
மேற்கணக்கு, 4ஆம் லயம்
இரத்தோட்டை
24.06.2024

பிரதீபாவுக்கு,

இங்கே சுகம். அங்கும் சுகம் என்று தெரிகிறது. கீழ்க்கணக்கில் இருக்கும் டீச்சர் தன் போனில் கல்யாணப் படங்களைக் காட்டினார். சின்னக் கல்யாணம்தான் போலிருக்கிறது, மேடையில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் நிற்கிறார்கள்.

நீ அழகாக இருந்தாய். குட்டி மெலிந்திருக்கிறான்.

மஞ்சள் சேலையை எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு உடுத்தினேன். வீண் போகவில்லை. எல்லாரும் நல்ல நிறம் என்றார்கள்.

எனக்குப் பால் இருக்கிறது. கேட்டிருந்தாயே.

இனி என் முகவரியை முழுதாகத்தான் எழுதுவேன். அதைக் கடையில் வாங்க உனக்குக் கஷ்டமாக இருந்தால் சொல், எழுதாமல் விடுகிறேன்.

இராஜகுமாரி


மாத்தளை
19.07.2024

அன்புள்ள அக்கா,

நீ சுகமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நீயும் பாப்பாவும் சுகமா?

பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தான். வயிற்றோட்டம் நிற்கவே இல்லை. கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை, அக்கா. இப்போது நன்றாக இருக்கிறான், பயப்படாதே.

வார்டுக்குள் போனதும் நர்ஸ் என் பையைப் பார்த்து, "போத்தல் உள்ளுக்கு கொண்டு வர ஏலாது, தாய்ப்பால் குடுக்கல்லியா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அத்தனை கட்டிலும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் வில்கமுவயிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண், எதிரே கைறுன்னிஸா என்று ஒரு முஸ்லிம் அக்கா, எல்லாரும் பிள்ளையை மடியில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டொக்டர் வந்தார், போனார், கிளீன் பண்ணுகிறவர் வந்தார், ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. பிள்ளைக் காம்பரா மாதிரியேதான் இருந்தது. கொடுத்ததற்கு ஹோலில் வெட்கப்பட்டேன். கொடுக்க ஒன்றும் இல்லாததற்கு இங்கே வெட்கப்பட்டேன். போத்தலைச் சேலைக்குள் மறைத்தேன்.

அடிக்கடி நெஞ்சில் போடு, பிள்ளை சப்பச் சப்ப ஊறும் என்று நர்ஸ் சொன்னார். முதல் இரண்டு நாள் அவன் வாயை வைத்துப் பார்த்துவிட்டு அழுதான். மூன்றாம் நாள் மருந்துக்கடைக்குப் போய் உச்சி வெயிலில் நடந்து வந்தேன். வந்து உட்காரும்போது பழையபடி நெஞ்சு கனத்தது. அவசரமாகப் பிள்ளையைத் தூக்கினேன். மாமி கட்டில் ஓரத்தில் நின்றார். என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இரு. வெயில்ல நடந்து வந்திருக்க. மொதல்ல ரெண்டு சொட்டு பீச்சி விடு."

எங்கே விடுவது என்று நான் பார்த்தேன். மாமி தன் முந்தானையை நீட்டினார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அக்கா.

பிரதீபா


கிளென்ரோஸ் தோட்டம்
மேற்கணக்கு, 4ஆம் லயம்
இரத்தோட்டை
27.07.2024

தங்கச்சி,

நான் நன்றாக இருக்கிறேன். குட்டிக்குக் கஞ்சித் தண்ணி கொடு. நீ முருங்கைக் கீரையும் கருவாடும் சாப்பிடு, பால் ஊறும். ஒரு பக்கம் முழுதாகக் குடித்த பிறகுதான் மறுபக்கம் மாற்ற வேண்டும். இரவில் தூங்குகிறான் என்று விட்டுவிடாதே.

ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குத் தெரிந்திருந்தால் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பேன். எனக்கு இருந்ததை அவனுக்குக் கொடுத்திருப்பேன். நீ என் பாப்பாவுக்குக் கொடுத்தவள்தானே. நீ சொல்லவில்லை.

உன் மாமியைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். பாவம்.

அக்கா


மாத்தளை
08.08.2024

அன்புள்ள அக்கா,

பிள்ளை சிரிக்கிறான், கடிக்கிறான், பல் வந்துவிட்டது. எனக்குப் பால் பாதியாவது திரும்பிவிட்டது. நீ சொன்ன கருவாடு வீடெல்லாம் மணக்கிறது, கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். உன் இடுப்புக்கு என்ன மருந்து போடுகிறாய்?

உன் கடிதத்தைத் தபால்காரர் கடையில்தான் நீட்டினார். மாமிதான் வாங்கினார். உறையின் பின்பக்கத்தை மெதுவாகப் படித்துவிட்டு, "மேற்கணக்கா? அப்ப ஏத்தம்தான்" என்றார். டவுனில் யாருக்கும் 'கணக்கு' என்றால் தோட்டத்தின் ஒரு பகுதி என்று தெரியாது. மாமியும் எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவராம். கல்யாணம் கட்டி வந்த நாளோடு அதை வாயால் சொல்வதை விட்டுவிட்டாராம். தன் மகனிடம்கூடச் சொன்னதில்லை. அவருக்கும் அன்றுதான் தெரியும். அன்று கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இத்தனை நாளும் என்னை மறைக்க வைத்தது நீங்கள்தானே என்று கேட்டேன். மாமி கோபப்படவில்லை. பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஹோல்ல நான் செஞ்சது தப்புதான். ஆனா அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல கைய தூக்கினது ஒங்க அக்காதானே? நீ நிப்பனு நெனச்சேன். நீ நின்னிருந்தா நானும் நின்னிருப்பேன். நீ நிக்கல. நான் பாத்தது தெரிஞ்சா கூசிப்போவியேனு நானும் ரோட்ட பாத்துக்கிட்டே வந்தேன்."

அக்கா, அந்த ரோட்டில் என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

இதற்கு மேல் எழுதினால் அழுகைதான் வரும், எழுத்து வராது. வருகிற 20ஆம் திகதி செவ்வாய் காலை பஸ்ஸில் பிள்ளையோடு வருகிறேன். மாமியும் வரலாமா என்று கேட்கிறார். பிள்ளைக் காம்பராவை ஒருதரம் பார்க்க வேண்டுமாம். வேண்டாம் என்றால் சொல், நான் மட்டும் வருகிறேன். மலைக்குப் போகும் முன் பாப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன். பழையபடி இரண்டையும் இரண்டு பக்கமும் போட்டுக்கொள்வேன். இரண்டுக்கும் காணாது என்றால் தேத்தண்ணி நேரத்துக்கு நீ வருவாய்தானே.

மஞ்சள் சேலையை எனக்குக் காட்டு.

நான் கிளிப்பச்சைச் சேலையில் வருகிறேன், நீ எடுத்துத் தந்ததேதான். பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தால் நீ சும்மா நில், அக்கா. இந்தத் தடவை நான் கையைத் தூக்குகிறேன்.

உன் தங்கச்சி
பிரதீபா